சாப்பிட்டனியே?

நான் எழுதிய முதல் சிறுகதையில் ஓர் அம்மம்மா வருவார். "பேரனே, நீ உணவு உண்டாயா?" என்று கேட்பார். ரொறன்ரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் படித்த தமிழ் அது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "உன்ர அம்மம்மா எப்ப இப்பிடிக் கதைச்சவ?"

உண்மைதான். பல்கலைக்கழக விடுதியில் நான் இருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்வி.

"சாப்பிட்டனியே?"

"ஓம்."

"என்ன?"

"பாண்."

"பாணோ…"

பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. எனக்குப் புட்டு அவித்துத் தர அங்கே ஆருமில்லை என்ற கவலை முழுக்க அந்த இடைவெளியில் இருந்தது. அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் 1972இல் வந்தது. அதில் யாழ்ப்பாணத்து மனிதர்கள் தாங்கள் கதைக்கிற மாதிரியே கதைப்பார்கள். அதை வாசித்த பிறகுதான் எங்கள் வீட்டுத் தமிழையும் எழுதலாம் என்ற துணிவு வந்தது.

ஆனால் பேச்சுவழக்கு மட்டும் போதாது. மனதில் இருப்பதை மனிதர்கள் நேரே சொல்வதில்லை, வேறொன்றைக் கேட்பார்கள். நீங்கள் எழுதும் உரையாடலைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் விளக்குகிற வரியை வெட்டுங்கள்.

அம்மம்மா இப்போது இல்லை. கதையைத் திருத்தி, "பாணோ…" என்பதோடு அந்த உரையாடலை நிறுத்தினேன். அம்மா இந்த முறை சிரிக்கவில்லை.

"திரும்ப ஒருக்கா வாசி" என்றார்.