பிடிமண்

நெய்வேலியில் மலை கிடையாது. சுரங்கத்தின் மேல்மண்ணைக் கொட்டிக் குவித்த மேடுகளைத்தான் எங்கள் பிள்ளைகள் மலை என்று சொல்லி வளர்ந்தார்கள். அவற்றின் மேல் மரம் நட்டு, மரமும் வளர்ந்து, இப்போது தொலைவிலிருந்து பார்க்கிற வெளியூர்க்காரர் நிஜ மலை என்றே நம்பிவிடுவார். பழமையைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் கீழே பார்ப்போம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த காடு, பழுப்பு நிலக்கரியாகக் கிடக்கிறது. அதை எடுக்கும்போது சில சமயம் மரத்தின் நார் அப்படியே தெரியும்.

மேலே ஏறிப் பழமையைப் பார்க்கும் ஆசையில்தான் சென்ற மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் கீழ்வாலைக்குப் புறப்பட்டோம். வாசகர் வட்டத்து நண்பர்கள் நால்வர்; கூடவே நண்பர் ஒருவரின் தாயார். அவருக்குப் பாறை ஓவியத்தில் ஈடுபாடு ஒன்றுமில்லை. அப்படியே திருவண்ணாமலைக்கும் போவதாக மகன் வாக்குக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். பண்ருட்டி வழியாகக் கெடிலத்தையும் தென்பெண்ணையையும் தாண்டி விழுப்புரம் சேர்ந்து, அங்கிருந்து மேற்கே திரும்பினோம். முந்திரிக் காடும் செம்மண்ணும் பின்னால் போய், வயல்களுக்கு நடுவே உருண்டைப் பாறைகளை யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் வரத் தொடங்கின.

கீழ்வாலை ஓவியங்கள் 1980களில்தான் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தன. மூவாயிரம் ஆண்டுப் பழமை என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. செங்காவியில் வரையப்பட்டவை. முகத்தில் பறவையின் அலகு போன்ற ஒன்றை அணிந்த மனிதர்கள். ஒருவர் விலங்கொன்றின் மேல் அமர்ந்திருக்கிறார், குதிரை என்கிறார்கள். இன்னோரிடத்தில் படகு போன்ற ஒன்றில் நிற்பவர்கள். பக்கத்தில் சில குறியீடுகள்; சிந்துவெளி எழுத்தோடு இவற்றை ஒப்பிட்டுப் பேசுபவர்கள் உண்டு. நான்கைந்து கோடுகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க எங்களுக்குத் துணிவில்லை. ஆனால் முகமூடி அணிந்தவர்கள் வேட்டைக்கோ உழவுக்கோ போகிறவர்கள் அல்லர் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஏதோ சடங்கு நடக்கிறது. கூத்துக்கு வேடம் கட்டியவனையும் சாமி வந்து ஆடுகிறவரையும் பார்த்து வளர்ந்த நமக்கு அதைத் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை.

முதலில் ஏமாற்றம்தான் அடைந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நண்பர்களில் ஒருவர் பீம்பேட்காவைப் பார்த்துவிட்டு வந்தவர். வாகண்கர் அந்தக் குகைகளைக் கண்டது 1957இல். நெய்வேலியில் சுரங்க வேலையை நேரு தொடங்கிவைத்ததும் அதே ஆண்டில்தான். அங்கே சுவரெல்லாம் யானையும் எருதும் நிறைந்திருக்க, இங்கே மங்கிய சில உருவங்கள். வெயில் ஏறிய பிறகு வந்தது எங்கள் தவறு. பாறையின் பளபளப்பில் செந்நிறம் கரைந்துபோய், நிழல் விழும்படி நகர்ந்து நின்ற பிறகே கண்ணுக்குப் பிடிபட்டது. பிடிபட்ட பின் விலகவில்லை.

அம்மாதான் முதலில் பேசினார். "இங்க பொங்கல் வெப்பாங்களா?"

யாரும் வைப்பதாகத் தெரியவில்லை என்றோம்.

"எந்த சாமின்னு தெரியுமா?"

அதுவும் தெரியாது.

சற்று நேரம் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நிழலில் உட்கார்ந்து, நாங்கள் இதுவரை கேட்டிராததைச் சொன்னார். அவர் வாழ்க்கைப்பட்ட கிராமம் 1980களில் சுரங்கத்துக்காகக் காலி செய்யப்பட்டது. வீடுகளைப் பிரித்து ஓடும் மரமும் வண்டியில் ஏற்றினார்கள். கடைசியாக ஏரிக்கரை ஐயனாருக்குப் படையல் போட்டு, சாமியாடி உத்தரவு கொடுத்த பிறகு, பிடிமண் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். புதிய குடியிருப்பில் அந்த மண்ணை வைத்துப் பீடம் கட்டி, இன்றும் ஆடியில் கூழ் ஊற்றுகிறார்கள். குறை ஒன்றும் இல்லை என்றார். பிறகு, "ஆனா ஏரி இல்லாத எடத்துல காவல் நிக்கிறாரு" என்றார்.

அந்த ஏரி இருந்த இடத்தை மகன் ஒருமுறை சுரங்கத்தின் விளிம்பில் நின்று தேடியிருக்கிறார். சுரங்கத்தில் இடம் என்று எதையும் சுட்ட முடியாது. ஏரி இருந்தது அந்தரத்தில். தரை இப்போது பல பனை ஆழத்தில் இருக்கிறது. இங்கே நேர்மாறாக, கும்பிட்டவர்களும் கும்பிடப்பட்டதும் போய் இடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதுவும் எத்தனை நாளைக்கு? இந்தப் பகுதிக் குன்றுகளில் கல் உடைப்பதால் ஓவியங்களுக்கு ஆபத்து என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஓவியத்தைக் காப்பது பற்றிப் பேசுகிறோம். எதிரே தெரியும் குன்று உடைந்துபோனால் இந்தப் பாறையை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது ஒருபோதும் விளங்காது.

"இத வரைஞ்சவங்க போறப்ப பிடிமண் எடுத்துக்கிட்டுப் போயிருப்பாங்களா?" என்று அம்மா கேட்டார். எங்களில் தொல்லியல் படித்தவர் ஒருவர் உண்டு. அவரும் பதில் சொல்லவில்லை.

மடியில் முடிந்து வைத்திருந்த கற்பூரத்தை அவர் எடுத்தபோதுதான் சற்றுச் சங்கடப்பட்டோம். புகை படிந்தால் ஓவியம் கெட்டுவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். "அவருக்கு ஆவாதுன்னா வேணாம்" என்று மறுபடி முடிந்துகொண்டார்.

இறங்கும்போது பாறையடியில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினார். எடுத்துக்கொண்டு வரப் போகிறார் என்று மகன் ஒரு காகிதத்தை நீட்டினார். அம்மா மண்ணைக் கையில் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே உதிர்த்தார்.

"யாரு சாமின்னு தெரியல. கேக்காம எடுக்கக் கூடாதுப்பா."

கையைத் தட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். திருவண்ணாமலையில் நல்ல கூட்டம். தரிசனம் முடிய இரவு எட்டாகிவிட்டது.