ஆடுகளுக்கும் ஒரு வேன்

அரியமங்கலத்தில் என் வீட்டு முன்னறைதான் அலுவலகம். இரண்டு வேன்கள், ஸ்ரீரங்கம் பார்க்க வரும் பெண்கள் குழுக்கள், மூன்று வேளைச் சமையல். ஆடிப்பெருக்குதான் பெரிய வருமானம். அம்மா மண்டபத்தில் காவிரிக்குக் காதோலை கருகமணி படைத்து, தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வருவார்கள்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பழைய பாலத்தின் ஒரு பகுதியும், முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளும் இடிந்தன. அதன் பிறகுதான் வெள்ளக்காலத் திட்டம் ஒன்றை எழுதினேன். மேட்டூர் 120 அடியை நெருங்கினால் முன்பதிவு செய்தவர்களுக்குச் செய்தி போகும். ஆற்றில் இறங்குவது கிடையாது. கேட்டால் பணம் திரும்பக் கிடைக்கும். 2024இல் ஆடிப்பெருக்குக்குச் சில நாள் முன்பு மேட்டூர் நிரம்பியபோது திட்டம் கைகொடுத்தது. எனக்குப் பெருமைதான்.

ஆற்று வெள்ளம் மேட்டூரில் சொல்லிவிட்டு வரும். உய்யக்கொண்டான் பக்கத்து ஐப்பசி மழை அப்படியில்லை. ஓர் இரவு எங்கள் சமையல் அக்காவின் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எச்சரிக்கக் கூப்பிட்டேன். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இருந்தது மகனின் எண். அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். என் எச்சரிக்கை திருப்பூருக்குப் போனது.

விடிந்ததும் தெருமுனைவரை வேனில் போய், தண்ணீரில் நடந்தேன். அக்கா திண்ணையில் பெஞ்சைப் போட்டு, அதன்மேல் மூன்று ஆடுகளையும் ஏற்றி, விழாமல் பிடித்தபடி இரவு முழுக்க நின்றிருந்தார்.

“நீ கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேன் கண்ணு. இதுகள யாருகிட்ட விட்டுட்டு வர்றது?”

மகளிர் குழுக் கடனில் வாங்கிய ஆடுகள். அவருக்கென்று இருந்த ஒரே சொத்து. “ஆட்டுக்காக உயிர விடுவியா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். வீட்டுப் பத்திரத்தை எடுக்கத் திரும்பி ஓடுகிறவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

1991 வங்கதேசப் புயலில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக இறந்தார்கள். வீட்டையும் கால்நடையையும் விட்டு வெளியேறத் தயங்கியது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அதைப் படித்திருந்தும், என் திட்டத்தில் பணம் கட்டியவர்கள் மட்டுமே இருந்தார்கள்.

அக்காவோடு உட்கார்ந்து அதைத் திருத்தினேன். பதிவேட்டில் இப்போது ஒவ்வொரு பெண்ணின் சொந்த எண். கைப்பேசி இல்லாதவர் வீட்டுக்கு ஓட்டுநர் நேரில் போக வேண்டும். மழை வலுத்தால், இருட்டுவதற்குள் ஒரு வேனின் பின்னிருக்கைகளைக் கழற்றித் தார்ப்பாய் விரித்து ஆடுகளை ஏற்ற வேண்டும். என் வீட்டு மாடியில் தங்க இடம், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, நாப்கின், மாற்றுடை, ஆடுகளுக்குத் தழை. வேலை நின்ற நாளுக்கும் கூலி உண்டு.

கடைசி வரி அக்கா சொன்னது: ஏற்ற முடியாத மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். நீந்தத் தெரிந்த மாடும் கட்டிப்போட்ட இடத்தில் செத்துப்போகும்.