திறவுகோல் தாங்கிய கைகள்

நோயிற்பூசுதல் வழங்க மருத்துவமனைக்குச் செல்லுகையில், மனநோயாளியின் கட்டிலைச் சுட்டி, "அங்கே போகாதீங்க சாமி, அடிச்சிடுவாரு" என்று செவிலியர் என்னைத் தடுப்பதுண்டு. இதுகாறும் எவரும் அடித்ததில்லை. ஒருவர் மட்டும் என் செபமாலையை வாங்கியவர் திருப்பித் தரவில்லை!

அச்செவிலியரை நான் குறைகூறேன். அவ்வச்சத்தை ஊட்டுவது பெரும்பாலும் பணிமுறையே. இத்தாலி நாட்டில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கே 1904ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்தானவர் என்று கருதியே மனநோயாளரை அடைத்து வைத்தது. ஒருவர் தப்பியோடினால் காவலிருந்த பணியாளர் வழக்கில் சிக்க நேரும். இடுப்பில் திறவுகோலும் நெஞ்சில் அச்சமும் சுமப்பவர் கண்ணுக்கு நோயாளி எங்ஙனம் மனிதராய்த் தோன்றுவார்?

1961இல் கொரீசியா மனநோய் மருத்துவமனையின் பொறுப்பேற்ற மருத்துவர் பிராங்கோ பசாலியா, கட்டிவைக்கப்பட்டோரின் பட்டியலில் கையொப்பமிட மறுத்தார். 1971 முதல் ட்ரியெஸ்தே நகரில் கதவுகளைத் திறந்துவிட்டார். பணியாளர் பலர் அஞ்சினர், சிலர் எதிர்த்தனர். ஆயினும் வெள்ளை அங்கியைக் களைந்து, நோயாளரோடு கூட்டங்களில் அமர்ந்து, பின்னர் அவர்தம் இல்லங்களுக்கே சென்று பேணியவர்களும் அப்பணியாளரே. 1978ஆம் ஆண்டின் 180ஆம் எண் சட்டம் அதன் பின்னரே பிறந்தது.

நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் சங்கிலியிடுவதைத் தடைசெய்துள்ளது. நல்லதே. ஆனால் என் பங்கைச் சேர்ந்த செவிலியர் ஒருவர் கேட்கிறார்: "ராத்திரியிலே வார்டு முழுசுக்கும் நான் ஒருத்திதானே சாமி; கட்டாம எப்படிப் பார்த்துக்கிறது?" சீர்திருத்தம் பேசுவோர் முதலில் அவருக்குத் துணையாக இன்னோர் ஆளை அனுப்பட்டும்.