டிவோலியில் ஒரு மாலை

கோபன்ஹேகனில் ஒரு நாள் மட்டுமே தங்கும் பயணி, காலையில் நியூஹவ்ன் கால்வாய்க்கரையின் வண்ண வீடுகளையும், அவற்றுள் ஆண்டர்சன் குடியிருந்தவற்றையும் காண்கிறார். நண்பகலில் கரிய ரை ரொட்டியின்மேல் ஊறிய ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் பரப்பிய ஸ்மோர்ப்ரோவை உண்கிறார். மாலையில் டிவோலி பூங்காவுக்குச் செல்கிறார்.

1843-இல் ஜார்ஜ் கார்ஸ்டென்சன் நிறுவிய பூங்கா அது. அதன் ஏரி, பழைய நகர்க்கோட்டை அகழியின் எச்சம். 1914 முதல் ஓடும் மர ரோலர் கோஸ்டரில், பயணிகளோடு ஒருவர் அமர்ந்து கையால் பிரேக்கை இயக்குகிறார்.

கேளிக்கையில் திளைக்கும் மக்கள் அரசியலை நினையார் என்று மன்னர் எட்டாம் கிறிஸ்டியனிடம் கூறி, கார்ஸ்டென்சன் அனுமதி பெற்றார் என்பர். ஆனால் 1944-இல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, நாஜி ஆதரவாளர்கள் பூங்காவின் பல கட்டடங்களை எரித்தனர். அரசியலற்ற இடமெனில் அதை எரிப்பானேன்? அடக்கப்பட்ட நகரம் ஒன்று கூடிச் சிரிப்பதும் ஆக்கிரமிப்பாளருக்கு உறுத்தலே. சில வாரங்களில், தற்காலிகக் கட்டடங்களுடன் டிவோலி மீண்டும் திறந்தது.

பஞ்சுமிட்டாயுடன் ஓடும் குழந்தை இதை அறிய வேண்டியதில்லை. விளக்குகள் ஏற்றப்படும் வேளையில் வாயிலைக் கடக்கும் பயணி அறிந்திருப்பது நலம். அவர் வாங்கிய நுழைவுச்சீட்டு, அன்று மீட்கப்பட்ட ஒரு மகிழ்ச்சிக்கானது.