பிள்ளைகளின் சுருதிக்கு ஏற்ப

தியானப் பகுதி: ஆதியாகமம் 33:12–14, 1 நாளாகமம் 25:1–8



நானூறு பேரோடு எதிர்கொண்டு வந்த ஏசாவும், அவனுக்கு அஞ்சி நின்ற யாக்கோபும் ஒருவரையொருவர் கட்டித் தழுவி அழுத நிகழ்ச்சியை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். பெரும்பாலும் அந்தக் கண்ணீரோடு வேதாகமத்தை மூடிவிடுகிறோம். அதற்கு அடுத்து வரும் சிறிய உரையாடல் நம் கண்ணில் படுவதில்லை. சேர்ந்தே பயணம் போகலாம், வா என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபு பணிவோடு மறுக்கிறான். தன் பிள்ளைகள் இளையவர்கள் என்றும், கறவையான ஆடுமாடுகளை ஒரே நாள் விரட்டி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்றும் சொல்லி, பிள்ளைகளால் எவ்வளவு நடக்கக்கூடுமோ அவ்வளவே தானும் நடந்து வருவதாகத் தெரிவிக்கிறான். யாக்கோபின் மனதில் வேறு அச்சங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் அவன் சொன்ன காரணம் உண்மையான காரணம். சிறுவர்களோடு செல்லும் பயணத்தில் வேகத்தை முடிவு செய்ய வேண்டியது தகப்பனுடைய கால்கள் அல்ல; பிள்ளைகளின் கால்களே.

கடந்த சில வாரங்களாக இந்த வேதபகுதி என் நினைவில் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. நம் ஆலய வளாகத்திலுள்ள தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகள் ஓர் இசை நாடகத்தைப் பயிற்சி செய்தார்கள். ஆசிரியைகள் கேட்டுக்கொண்டதால், மாலை மூன்று மணிக்கு மேல் நானும் சென்று உதவினேன். நாடகத்தின் பொருள், லூக்கா 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன காணாமற்போன ஆட்டின் உவமை. ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மேய்ப்பன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் முட்செடிகள். இரண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடுகள். உவமையில் நூறு ஆடுகள். நம் மேடையில் இடமிருந்தது இருபத்திரண்டுக்குத்தான். பாடல்கள் ஆறு.

பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். ஓர் அடியை நாம் பாட, அவர்கள் திரும்பப் பாட, அடுத்த அடியைச் சேர்த்து மறுபடியும் பாட வேண்டும். பிழை வரும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்கினால், பல்லவியை நூறு முறையும் கடைசிச் சரணத்தைப் பத்து முறையும் பாடியிருப்பார்கள். விழா நாளில் தொடக்கம் முழங்கும், முடிவு முனகலாகிவிடும். ஆகையால் எங்கள் ஆசிரியை ஒருவர் கடைசிச் சரணத்தையே முதலில் கற்பித்தார். பாட்டு முடிவை நோக்கிச் செல்லச் செல்ல, பிள்ளைகள் தங்களுக்கு நன்கு பழக்கமான இடத்தை நோக்கிச் சென்றார்கள். அனுபவத்தால் வந்த இந்த ஞானத்தை நான் மிகவும் வியந்தேன்.

இரண்டாம் வாரத்தில் ஒரு காரியம் நேர்ந்தது. ஆடுகளில் ஒருவனாகிய மூன்றாம் வகுப்புச் சிறுவன் சுருதி சேராமல் பாடினான். மற்றவர்கள் ஏறும் இடத்தில் அவன் ஏறுவதில்லை. இறங்கும் இடத்திலும் இறங்குவதில்லை. ஒரே தொனியில், ஆனால் மிகுந்த உற்சாகத்தோடு, எல்லாருக்கும் கேட்கும்படி பாடினான். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் தடுமாறினார்கள். உதவிக்கு வந்திருந்தவர்களில் ஒருவர், நிகழ்ச்சி நன்றாக அமைய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான், அவன் அருகே குனிந்து மெல்லச் சொன்னார்: "தம்பி, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்ப்பா. சத்தம் வேண்டாம்." சிறுவன் தலையை ஆட்டினான். அடுத்த முறை வாயை மட்டும் அசைத்தான். பாட்டு உண்மையிலேயே முன்னைவிட நன்றாக இருந்தது.

பிரியமானவர்களே, அந்த நேரத்தில் என் மனதில் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் வந்து நின்றார். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டு ஜெபத்துக்குச் சென்றபோது அவர் ஒன்றைச் சொன்னார். ஆராதனையில் பாமாலைப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பாராம், பாடுவதில்லையாம். சிறுமியாயிருந்தபோது பள்ளியில் ஒருவர், உன் குரல் கெடுக்கிறது, சும்மா வாயசை என்று சொன்னாராம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தத் தாயார் கீழ்ப்படிந்துகொண்டே இருக்கிறார். சொன்னவர் அன்று மாலையே அதை மறந்திருப்பார். நம் ஆராதனையில் உதடு அசைந்தும் ஒலி எழாத முகங்கள் இன்னும் எத்தனையோ! அவர்களில் பலரிடம் கேட்டால், இப்படிப்பட்ட ஒரு நாள் அவர்களுக்கும் நினைவிருக்கும்.

நான் ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "ஐயா, பையனைப் பாக்கிறதுக்கு முந்தி பாட்டைப் பாத்துருவோம்" என்றார். அது எவ்வளவு சரியான வார்த்தை என்பது பிறகுதான் விளங்கியது. நம் பாடகர் குழுவைச் சேர்ந்த சகோதரர் கீபோர்டில் ஒன்றாம் கட்டையில் வாசித்துக்கொண்டிருந்தார். வளர்ந்த ஆண்களுக்கு வசதியான சுருதி அது. பாட்டின் சில அடிகள் மந்தர பஞ்சமம் வரை இறங்கின. எட்டு வயதுப் பிள்ளையின் குரல் அவ்வளவு தாழ இறங்காது. பலர் அந்த இடங்களை எப்படியோ சமாளித்தார்கள். அவன் மட்டும் தனக்கு எட்டிய ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதோடு, பாடிக்காட்டியது ஓர் ஆணின் கனத்த குரல். அதைத் தன் மெல்லிய குரலில் மேல் ஸ்தாயியில் எங்கே கண்டெடுப்பது என்பது பல சிறுவர்களுக்குத் தெரிவதில்லை.

சகோதரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி நான்காம் கட்டைக்கு ஏற்றினார். மேய்ப்பனாக நடித்த சிறுமி ஒவ்வோர் அடியையும் பாடிக்காட்ட, ஆடுகள் திரும்பப் பாடின. அந்தச் சிறுவனுக்கு மாத்திரம் இன்னும் கொஞ்சம் வேலை இருந்தது. இடைவேளையில் மைதானத்தின் மறுகோடியில் இருந்த தோழனை அவன் கூப்பிடுவதைக் கேட்டேன். எவ்வளவு உயர்ந்த, தெளிவான குரல்! குரல் இல்லாதவன் அல்ல அவன். அந்தக் குரலைப் பாட்டுக்குள் கொண்டுவரத் தெரியாதவன். மறுநாள் ஆசிரியை அவனிடம், தொலைவில் நிற்கும் தோழனைக் கூப்பிடுவதுபோல முதல் சொல்லைக் கூப்பிடச் சொன்னார். பிறகு அந்தக் கூப்பாட்டை நீட்டச் சொன்னார். பிறகு அதிலிருந்து அடுத்த சொல்லுக்குச் செல்லச் சொன்னார். நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவில் அவனை நிறுத்தினார். நாளொன்றுக்கு ஐந்து நிமிடம், அதற்குமேல் இல்லை.

விழா நாளில் அவன் எல்லாவற்றையும் சுத்தமாகப் பாடினான் என்று நான் எழுதமாட்டேன். நான்கு பாடல்களில் மற்றவர்களோடு சேர்ந்து வந்தான். ஐந்தாம் பாடலில் வழி தவறித் திரும்பி வந்தான். ஆறாவதில் மகிழ்ச்சி மிகுதியால் எல்லாரையும் முந்திக்கொண்டு முடித்தான். ஆனால் பாடினான். தொலைந்த ஒன்றைத் தேடிப் போகிற மேய்ப்பனைப் பற்றிய நாடகத்தில், ஒரே ஓர் ஆட்டின் குரலை நாமே அணைத்துவிட்டு மற்றவற்றைக் கொண்டு அழகாக முடித்திருந்தால், பார்த்தவர்கள் கைதட்டியிருப்பார்கள். உவமையைச் சொன்னவருக்கு அது பிரியமாயிருந்திருக்குமா?

நம் தமிழ் நாட்டில் பிள்ளைகளைக் கொண்டே நாடகம் நடத்திய காலம் ஒன்று இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ஆம் ஆண்டு மதுரையில் சிறுவர்களுக்கென்றே ஒரு நாடக சபையைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த அத்தகைய குழுக்களில் பாட்டே பிரதானம். பையன்கள் பதின்ம வயதை எட்டும்போது குரல் உடைவதை நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்பார்கள். முந்தின நாள் வரை ராஜபார்ட்டாகவோ ஸ்திரீபார்ட்டாகவோ கொடிகட்டிப் பறந்த பையன், மகரக்கட்டு வந்ததும் வேஷத்தை இழந்துவிடுவான். நுழைவுச்சீட்டு விற்றுப் பிழைக்க வேண்டிய கம்பெனிக்கு வேறு வழி இருந்திருக்காது. அவர்களை நாம் குறைகூற வேண்டாம். ஆனால் நம்முடைய பள்ளி நுழைவுச்சீட்டு விற்கவில்லையே. முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் அப்பாவும் அம்மாவும் ஆச்சியும் தாத்தாவும்தானே! வணிகத்துக்கு இருந்த நெருக்கடி நமக்கு இல்லாதபோது, வணிகத்தின் கண்டிப்பை மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்?

தேவாலயத்துக்காகத் தாவீது பாடகர்களை ஏற்படுத்திய விதத்தைப் பாருங்கள். ஆசாப்பின் குமாரர் நால்வர், எதுத்தூனின் குமாரர் அறுவர், ஏமானின் குமாரர் பதினால்வர். ஆக இருபத்துநான்கு பிரிவுகள். பிரிவுக்குப் பன்னிருவராக 288 பேர். இவர்கள் பாட்டில் பயிற்சி பெற்றவர்கள் என்று வேதம் குறிப்பிடுகிறது. தேவனுக்கு முன்பாகப் பாடுகிறவர்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒத்திகை அவிசுவாசம் அல்ல. ஆனால் யார் எந்த முறையில் ஊழியம் செய்வது என்பதைத் தீர்மானிக்கும் வேளை வந்தபோது சீட்டுப் போட்டார்கள். சிறியவனுக்கும் பெரியவனுக்கும், கற்பிக்கிறவனுக்கும் கற்கிறவனுக்கும் ஒரே சீட்டு. பயிற்சியில் கண்டிப்பு உண்டு. ஊழியத்தில் இடம் கொடுப்பதிலோ பட்சபாதம் இல்லை. இவ்விரண்டையும் நாம் தலைகீழாக்கிவிடுகிறோம். பயிற்சியில் பொறுமையின்றி விட்டுவிடுகிறோம். இடம் கொடுப்பதில் மட்டும் மிகவும் கண்டிப்பாயிருக்கிறோம்.

தேவாலயத்தில் பிள்ளைகள் ஆண்டவரைப் புகழ்ந்து ஆர்ப்பரித்தபோது பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் கோபமடைந்ததை மத்தேயு 21ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்தப் பிள்ளைகள் சுருதி சேர்ந்து பாடினார்களா என்று சுவிசேஷகன் எழுதவில்லை. அவர்களை அடக்கும்படி எதிர்பார்த்தவர்களுக்கு ஆண்டவர் சங்கீதத்தையே எடுத்துக்காட்டி, சிறு குழந்தைகளின் வாயிலிருந்து எழும் துதி தேவனே உண்டாக்கியது என்று உணர்த்தினார். பிள்ளைகளின் வாய்க்கும் தேவனுடைய செவிக்கும் நடுவே காவல் நிற்க யாருக்கும் அவர் அனுமதி தரவில்லை.

பெற்றோரே, வருகிற மாதங்களில் உங்கள் பிள்ளைகளும் ஏதோ ஒரு மேடைக்காக ஆயத்தமாவார்கள். உங்களுக்குச் சில வார்த்தைகள். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் உட்கார்ந்து அவர்களுடைய வசனத்தைக் கேளுங்கள். விழாவின் முந்தின இரவு இரண்டு மணி நேரம் வருத்துவதைவிட அது மேலானது. மறந்த சொல்லை உடனே எடுத்துக்கொடுக்காமல், மூச்சு விடும் நேரமாவது காத்திருங்கள். பல வேளைகளில் சொல் தானே வரும். அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதிருங்கள். முட்செடி வேடம் கிடைத்தால், ஏன் மேய்ப்பன் வேடம் தரவில்லை என்று பிள்ளையின் முன்னிலையில் கேட்காதிருங்கள். அதுவரை முட்செடியாயிருப்பதில் அவனுக்கு எந்தக் குறையும் தெரிந்திராது. மேடையிலிருந்து அவன் உங்களைத் தேடும்போது, கைபேசிக்குப் பின்னால் உங்கள் முகம் மறைந்திருக்க வேண்டாம். நிகழ்ச்சி முடிந்து ஓடிவரும்போது, நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை அவன் செய்த பிழையைப் பற்றியதாயிருக்க வேண்டாம்.

பிள்ளைகள் இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சபையும் ஓர் ஒத்திகைக் கூடமே. ஜெபிக்கத் தடுமாறும் புதிய விசுவாசியும், முதன்முறையாக வேதபாடம் வாசிக்கும் வாலிபனும், நம்மைவிட மெதுவாக நடக்கும் முதியவரும் நம் நடுவில் இருக்கிறார்கள். ஒருவர் சேர்ந்து பாட முடியாமல் நிற்கக் கண்டால், அவருடைய குரலைச் சந்தேகிப்பதற்கு முன், நாம் எந்தக் கட்டையில் தொடங்கினோம் என்று பார்ப்போமாக. நம் தேவன் நமக்கு எட்டாத உயரத்தில் இருந்துகொண்டு பாடு என்று கட்டளையிட்டவர் அல்லர். மாம்சத்தில் வெளிப்பட்டு, நம் தெருக்களில் நடந்து, நமக்கு விளங்கும் பேச்சில் பேசி, நம்மைத் தம்மோடு சேர்த்துப் பாடவைத்தவர் அவர்.

ஜெபிப்போம்: எங்கள் நல்ல மேய்ப்பரே, எங்கள் வேகத்துக்கு நீர் காத்திருந்த நாட்களுக்காக ஸ்தோத்திரம். எங்கள் கையில் நீர் ஒப்புவித்த சிறியவர்களின் நடையையும் குரலையும் அறிந்துகொள்ளும் பொறுமையை எங்களுக்குத் தாரும். சிறுவயதில் வாயடைக்கப்பட்டு இன்றும் மௌனமாய் நிற்கிறவர்களின் நாவைத் திறந்தருளும். பிறரைச் சோர்வடையச் செய்யும் வார்த்தைகளிலிருந்து எங்கள் உதடுகளைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், எந்தக் குரலாயிருந்தாலும் சரி, வாய்திறந்து பாடுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்