“இனி சூக்ஷிக்கணம்”

நமது மன்ற மலரிலே இப்படியும் ஒரு கட்டுரையா என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். காதலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறோம்; கருத்தடையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினால் குற்றமா? விலங்கியல் பயிலும் மாணவி நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பொறுமையாய்ப் படியுங்கள்.

நெல்லைச் சீமையிலிருந்து படிக்க வந்த நான், சாலைக் கடைத்தெருவுக்கு அருகே உறவினர் வீட்டிலே தங்கியிருக்கிறேன். எங்கள் தெருவிலே தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றுள் ஒரு வீட்டு இளம்பெண், மணமாகி ஓராண்டு ஆனவள், கருக்கலைப்புக்குச் சென்றபோது மொழித் துணைக்கு என்னை அழைத்தாள். சிகிச்சை நன்றாகவே முடிந்தது. புறப்படும்போது, “இனி சூக்ஷிக்கணம்” என்று சொல்லி அனுப்பினார்கள். கவனமாயிரு என்றார்கள், எப்படி என்று சொல்வாரில்லை.

பேருந்திலே அவள் மெல்லக் கேட்டாள்: “அக்கா, அடுத்த மாதவிலக்கு வரும் வரைக்கும் பயமில்லைதானே?”

தோழர்களே, இந்தக் கேள்வியிலேதான் ஆபத்து இருக்கிறது. முதலில் வருவது கருமுட்டை. அதற்குப் பின்னரே மாதவிலக்கு. கருக்கலைப்புக்குப் பின் இரண்டு வாரத்திற்குள்ளாகவே, சிலருக்கு எட்டாம் பத்தாம் நாளிலேயே கருமுட்டை வெளிப்பட்டுவிடும். மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருப்பவள், அது வராமலே மறுபடியும் கருவுறக்கூடும்!

ஆகவே மருத்துவம் வகுத்துள்ள வழி, காத்திராதே என்பதே. கருக்கலைப்பு மாத்திரை உண்ணும் அன்றே கருத்தடை மாத்திரையோ ஊசியோ தொடங்கலாம். கருவி கொண்டு கலைத்திருந்தால், நோய்த் தொற்று இல்லையெனில், அப்போதே காப்பர்-டி பொருத்தலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், இலக்னோ ஆய்வுக்கூடத்திலே பிறந்த சாயா மாத்திரையும் 2017 முதல் அரசின் திட்டத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. காப்பர்-டியிலே 5 ஆண்டு காப்பதும் உண்டு. 10 ஆண்டு காப்பதும் உண்டு. வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

மறுநாளே இருவரும் திரும்பிச் சென்று கேட்டோம். மருத்துவர் அம்மையார் பொறுமையாக விளக்கினார்; நான் தமிழிலே சொன்னேன்; அவள் தனக்கு ஏற்றதைத் தேர்ந்தாள். எதைத் தேர்ந்தாள் என்பது அவளுடைய செய்தி. அது இங்கே வேண்டாம்.

தேர்வு அவளுடையதாகவே இருக்கவேண்டும். கலைத்தலுக்கு விலையாகக் கருத்தடையைத் திணிப்பது மருத்துவமாகாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம், 18 வயது நிரம்பியவளின் ஒப்புதல் ஒன்றே போதும் என்கிறது. கணவன் கையெழுத்தும் வேண்டா, தந்தை கையெழுத்தும் வேண்டா. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், கருத்தடை தவறிப்போன காரணத்தை மணமாகாதவளுக்கும் உரியதாக்கி, அவள் பெயரை மறைத்துக் காக்கவும் பணித்தது. மணமானவள், மணமாகாதவள் என்று பிரிக்கலாகாது என 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆயினும் அச்சத்தால் மணமாகாத பெண் மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை; வசைக்கு அஞ்சி, கேட்க வேண்டியதைக் கேளாமலே திரும்பிவிடுகிறாள். சட்டம் கொடுத்ததை வசை பறித்துவிடுகிறது.

மேரி பூணன் லூக்கோஸ் அம்மையார் 1916இல் தைக்காட்டு மருத்துவமனையிலே பணியேற்று, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியளித்த நகரம் இது. பின்னாளில் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாகவும் உயர்ந்தவர் அவர். பெண்ணின் உடலைப் பற்றிப் பேச இந்த நகரிலே நாம் ஏன் நாணவேண்டும்?

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். கருவுக்கு இருவர் காரணம். கவலை மட்டும் ஒருத்திக்கா? ஆணுறை உங்கள் பொறுப்பு. துணைக்கு மருத்துவமனை வருவதும் உங்கள் பொறுப்பு.

நாம் இரு மொழி அறிந்தவர்கள். கடைகளிலும் வீடுகளிலும் உழைக்கும் நம் பெண்களுக்கு மலையாளம் பாதி புரியும், பாதி புரியாது. அவர்களோடு ஒருநாள் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். “கவனமாயிரு” என்று எவரேனும் சொன்னால், “எப்படி?” என்று அவளுக்காகக் கேளுங்கள். விடையைத் தமிழிலே அவளிடம் சொல்லுங்கள். மன்றம் செய்யத்தக்க தொண்டு இதுவுமாகும்.