குமிழ் கடைந்த கதை

என் தகப்பனார் தம் கையாலே செய்த தேக்குப் பெட்டகத்திற்கு இழுப்பறைகள் ஆறு. குமிழ்களுள் இரண்டை மாத்திரம் கடைந்து வைத்துவிட்டு அவர் காலமானார். எஞ்சிய நான்கையும் அவற்றிற்கு இணையாக ஆக்கும் கடன் என்மேல் விழுந்தது. அவர் விட்டுச்சென்ற ஈட்டித்துண்டோ எட்டுக் குமிழுக்கு மேல் காணாது.

முதற்குமிழ் அழகாக அமைந்தது, இரண்டாவதும் அழகே. ஆயினும் அருகருகே வைத்தபோது அண்ணன் தம்பியராய் இருந்தனவேயன்றி இரட்டையராய் இல்லை. கண்ணை நம்பியதே பிழை. பின்பு தகப்பனாரின் குமிழொன்றை மாதிரியாகக் கொண்டு, அதன் தலை, கழுத்து, கழுந்து ஆகியவற்றின் எல்லைகளை ஒரு மூங்கிற் சிம்பிலே கீறி, அச்சிம்பை மரத்தின்மேல் வைத்துப் பென்சிலாற் குறியிட்டேன். தலையின் அகலத்தையும் கழுத்தின் ஒடுக்கத்தையும் காலிப்பரால் அளந்து முதலில் வெட்டிக்கொண்டு, இடைப்பட்ட வளைவை மாத்திரம் கைக்கு விட்டேன். அவ்வளைவிலேதான் வினை! உளி சற்றே அழுந்தினால் போன மரம் மீளாது. உப்புத்தாளை மிகத் தேய்த்தாலோ விளிம்பு மழுங்கும். ஏழு கடைந்து நான்கைத் தெரிந்தெடுத்தேன். (தள்ளுண்ட மூன்றும் என் மேசைமேற் காகிதம் பறவாமற் காக்கின்றன.)

அதன் பின்னரே தகப்பனாரின் இரண்டையும் ஒப்பிட்டு அளந்தேன். அவை தம்முள்ளேயே அரை மில்லிமீட்டர் வேறுபட்டிருந்தன. மாதிரியாயிருந்ததை என் நான்கோடு சேர்த்து மாட்டினேன். மற்றதை எங்கே இடுவதென்று தாயாரைக் கேட்டேன். தாம் நாள்தோறும் திறக்கும் கீழறையைக் காட்டினார்.